நாற்காலியும் பதினைந்தாவது பந்தும்: ஸ்ட்ரெய்ட் பூல் பற்றிச் சில குறிப்புகள்

1954 மார்ச் 19 அன்று ஓஹையோ மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வில்லி மஸ்கோனி ஒன்றைக்கூடத் தவறவிடாமல் வரிசையாக 526 பந்துகளைக் குழியில் போட்டார். பூல் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கும் இந்த எண் தெரிந்திருக்கும். பொதுவாக ஏற்கப்பட்ட சாதனையாக அது 65 வருஷம் நின்றது. 2019 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஜான் ஷ்மிட் 626 போட்டார். 2022 ஜனவரியில் ஜேசன் ஷா அதை 714 ஆக்கினார்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. மூன்றில் ஒன்றுகூடப் பட்டத்துக்கான ஆட்டத்தில் வந்ததல்ல. மஸ்கோனி ஆடியது 200 புள்ளிக் காட்சி ஆட்டம், அதுவும் 8 அடி மேஜையில். 200ஐத் தொட்ட பிறகும் நிறுத்தாமல் ஆடிக்கொண்டே போனார். ஷ்மிட்டுக்கு எதிராளியே கிடையாது; நாள் கணக்கில் தனியாக முயன்று ஒருநாள் எட்டிய எண் அது. போட்டி என்று வந்துவிட்டால் 100, 125 அல்லது 150 புள்ளியில் ஆட்டம் முடிந்துவிடும். எண்ணிக்கை அங்கே சிறியது. ஆனால் ஓரத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. தவறவிட்டால் நீங்கள் போய் அதில் உட்கார வேண்டும். எதிராளி எழுந்து வருவார். அவர் எப்போது திரும்பி வந்து உட்காருவார் என்பது உங்கள் கையில் இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு ஆர்வம் வந்ததே அதன் கணக்குக்காகத்தான். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. 'உத்தி' என்றும் 'பதற்றத்தைச் சமாளிப்பது' என்றும் இரண்டு தனித்தனி அத்தியாயமாக எழுதுகிறார்களே, ஸ்ட்ரெய்ட் பூலில் அந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. எப்படி என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் விதி, சுருக்கமாக. மேஜையில் 15 பந்துகள், அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. எந்தப் பந்தையும் எந்தக் குழியிலும் போடலாம், ஆனால் எந்தப் பந்து எந்தக் குழி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பந்துக்கு ஒரு புள்ளி. 14 பந்துகள் உள்ளே போனதும் ஆட்டத்தை நிறுத்தி, அந்த 14ஐயும் எடுத்து மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். முன் முனை மட்டும் காலியாக இருக்கும். மிச்சமிருக்கும் 15ஆவது பந்தும் வெள்ளைப் பந்தும் நின்ற இடத்திலேயே நிற்கும். இப்போது அந்த 15ஆவது பந்தைக் குழியில் போட வேண்டும். அதே அடியில் வெள்ளைப் பந்து போய் அடுக்கில் மோதி அதைக் கலைக்கவும் வேண்டும். கலைந்தால் அடுத்த 14. இப்படியே போகும். 14.1 என்ற பெயர் வந்தது இதனால்தான். 1910 வாக்கில் ஜெரோம் கியோ என்ற ஆட்டக்காரர் சொன்ன யோசனை இது. அதற்கு முன் 15 பந்துகளையும் போட்டு முடித்துவிட்டு, முழு அடுக்கை முதலிலிருந்து உடைக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தின் ஓட்டம் அங்கேயே அறுந்துபோகும். ஒரே ஒரு பந்தை மேஜையில் விட்டுவைத்ததில் ஆட்டத்துக்குத் தொடர்ச்சி வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து, இவ்வளவு சின்ன விதி மாற்றம் ஒரு விளையாட்டை இந்த அளவுக்கு மாற்றியது அபூர்வம்.

ஸ்னூக்கர் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஆட்டம் சப்பென்று தெரியும். நீளமான அடிகள் கிடையாது. 'அடேங்கப்பா' என்று எழுந்து நிற்க வைக்கும் கோணங்களும் குறைவு. நல்ல ஆட்டக்காரர் ஆடினால் ஒவ்வொரு அடியும் நாமே போட்டுவிடலாம் போல இருக்கும். தி ஹஸ்ட்லர் படத்தில் (1961) பால் நியூமனும் ஜாக்கி கிளீசனும் விடிய விடிய ஆடுவது இந்த ஆட்டம்தான். அந்தப் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தவர் மஸ்கோனி. திரையில் அது பரபரப்பாக இருக்கிறது என்றால் காரணம் பணயமும் முகங்களும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓர் ஆட்டக்காரர் ஒவ்வொரு பந்தையும் 97% வாய்ப்போடு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது அல்லவா? அவர் ஓர் அடுக்கின் 14 பந்துகளையும் தவறாமல் போடும் வாய்ப்பு 65%. 100 பந்துகள் தொடர்ந்து போடும் வாய்ப்பு 5%க்கும் கீழே. சராசரியாக 32 பந்துகளுக்குள் எங்கோ ஒன்றைத் தவறவிடுவார். இப்போது 97ஐ 99 ஆக்குங்கள். 100 பந்துகள் தொடரும் வாய்ப்பு 37%க்குப் போய்விடுகிறது. சராசரி ஓட்டம் 99 பந்துகள், மூன்று மடங்கு. வெறும் இரண்டு சதவீதத்துக்கு இவ்வளவு.

இந்த இரண்டு சதவீதம் எங்கிருந்து வரும்? கையை இன்னும் நேராக்குவதிலிருந்து கொஞ்சம் வரலாம். பெரும் பகுதி வருவது கடினமான அடியைச் சந்திக்காமலே போவதிலிருந்து. 70% வாய்ப்புள்ள அடியை அபாரமாகப் போட்டுக் கைதட்டல் வாங்குபவர், அந்த அடி தனக்கு ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று பந்துக்கு முன்னால் செய்த ஒரு சோம்பேறித்தனம்தான் காரணமாக இருக்கும்.

இந்த ஆட்டத்தைப் பின்னாலிருந்து முன்னால் யோசிக்க வேண்டும். அடுக்கைக் கலைக்கப் பயன்படும் கடைசிப் பந்துக்கு பிரேக் பால் என்று பெயர். முக்கோணத்தின் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, குழிக்கு வழி திறந்து நிற்கும் பந்து அதற்கு உகந்தது. அதற்கு முந்தைய பந்து கீ பால். அதைப் போட்ட பிறகு வெள்ளைப் பந்து நகராமல் நின்றாலே, அல்லது ஒரு சாண் உருண்டாலே, பிரேக் பாலுக்குச் சரியான கோணம் கிடைத்துவிட வேண்டும். கோணம் ரொம்ப நேராக இருந்தால் வெள்ளைப் பந்து அடுக்குக்கே போகாது. ரொம்பச் சாய்வாக இருந்தால் பந்து குழியைத் தவறவிடும். தேர்ந்தவர்கள் கீ பாலுக்கு முந்தைய பந்தையும் சேர்த்து, மேஜையில் ஏழெட்டுப் பந்துகள் இருக்கும்போதே கடைசி மூன்றையும் மனசுக்குள் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுகிற மாதிரி. ஒட்டிக்கொண்டிருக்கும் பந்துகளை ஆரம்பத்திலேயே பிரிக்க வேண்டும் என்பதும், குஷனை ஒட்டி நிற்பவற்றை முடிந்தவரை சீக்கிரம் போட்டுவிட வேண்டும் என்பதும் இதே யோசனையிலிருந்து வருபவைதான். சிக்கலைக் கடைசிக்குத் தள்ளி வைத்தால் கடைசியில் சிக்கல் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

பதற்றம் இங்கேதான் உள்ளே நுழைகிறது. ஸ்கோர் 130-128, மேஜையில் மூன்று பந்துகள். கீ பாலைப் போட்டாயிற்று, ஆனால் வெள்ளைப் பந்து நான்கு அங்குலம் அதிகமாக உருண்டுவிட்டது. இப்போது பிரேக் பாலுக்கு இருக்கும் கோணம் 60% அடி. கை நடுங்குகிறது. இதைப் பார்ப்பவர்கள் 'பதற்றத்தில் தவறவிட்டார்' என்பார்கள். கை நடுங்கியது உண்மைதான். ஆனால் அந்த அடி 95% அடியாக இருந்திருந்தால் அதே நடுக்கத்தோடும் அது உள்ளே போயிருக்கும். நடுக்கத்தை யாராலும் முழுசாக ஒழிக்க முடியாது. நடுக்கத்தைத் தாங்கக்கூடிய அடியைத் தனக்குத்தானே தயார் செய்துகொள்ள முடியும்.

நடுக்கத்தைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1982இல் ஜேம்ஸ் மைக்கேல்ஸும் அவருடைய குழுவினரும் ஒரு பல்கலைக்கழகத்தின் பூல் மேஜைகளில் மாணவர்கள் ஆடுவதை அவர்களுக்குத் தெரியாமல் கவனித்தார்கள். நன்றாக ஆடுபவர், சுமாராக ஆடுபவர் என்று பிரித்துக்கொண்டார்கள். பிறகு நான்கு பேர் போய் மேஜைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நன்றாக ஆடுபவர்களின் வெற்றி விகிதம் 71%லிருந்து 80%க்கு ஏறியது. சுமாராக ஆடுபவர்களுடையது 36%லிருந்து 25%க்கு இறங்கியது. சின்ன ஆய்வுதான். பட்டப் போட்டியும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் ராபர்ட் ஜாயன்ஸ் 1965இல் சொன்ன கருத்தோடு இது பொருந்திப்போகிறது: ஆள் பார்க்கும்போது நம்மிடம் அதிகம் ஊறிய பழக்கம் எதுவோ அது மேலே வருகிறது. ஊறியது சரியான பழக்கம் என்றால் ஆட்டம் ஏறும், தப்பான பழக்கம் என்றால் இறங்கும்.

கைக்கு இது சரி. முடிவெடுப்பதற்கு என்ன ஆகிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. என்னைக் கேட்டால், ஸ்ட்ரெய்ட் பூலில் பதற்றம் செய்யும் பெரிய சேதம் அங்கேதான்.

ஒவ்வொரு முறையும் குழிக்கு அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'சேஃப்டி' என்று அறிவித்துவிட்டு, எதிராளிக்கு எதுவும் கிடைக்காத இடத்தில் வெள்ளைப் பந்தை ஒளித்து வைக்கலாம். கேரமில் நமக்குக் காய் விழாது என்று தெரிந்தால் எதிராளிக்கும் விழாதபடி மறைத்து வைப்போமே, அந்த மாதிரி. அப்படியானால் எப்போது அடிப்பது, எப்போது ஒளிப்பது?

பலர் சொல்லும் கணக்கு 50%. பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் அடி, இல்லாவிட்டால் ஒளி. இது தப்பு. எளிமையாக்கி யோசித்துப் பாருங்கள். கலைந்து கிடக்கும் மேஜை யாருக்கு முதலில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. நான் அடித்துப் போட்டுவிட்டால் எனக்கு, தவறவிட்டால் அவருக்கு. சேஃப்டி போட்டால் இருவரும் மாறி மாறி ஒளித்து விளையாடி, கடைசியில் யாரோ ஒருவர் இடம் கொடுப்பார். அது அவராக இருக்க ஒரு வாய்ப்பு உண்டு. ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு வாய்ப்புகளை. அடி விழும் வாய்ப்பு 60%, நல்ல சேஃப்டியிலிருந்து மேஜை எனக்கு வரும் வாய்ப்பு 70% என்றால், 60% அடியை அடிப்பது நஷ்டம். சேஃப்டிக்கும் நல்ல இடம் இல்லை, அதில் 30% தான் என்றால் 40% அடியைக்கூடத் தாராளமாக அடிக்கலாம்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எதிராளி மேஜை கிடைத்தால் 20 பந்து போடுபவரா 100 பந்து போடுபவரா என்பது முடிவை மாற்றவில்லை. அவர் பலசாலி என்றால் என் இழப்பு பெரிசாகும், ஆனால் அடித்துத் தவறவிட்டாலும் சேஃப்டியில் தோற்றாலும் ஒரே அளவில்தான் பெரிசாகும். ஒப்பீடு அப்படியே இருக்கும். ஸ்கோருக்கும் இதே கதைதான். நான் 90 புள்ளி பின்தங்கியிருக்கிறேன் என்பதால் ஒரு 40% அடி நல்ல அடியாக மாறிவிடாது. 'பெரிய ஆள், சான்ஸ் எடுத்தால்தான் ஜெயிக்க முடியும்' என்று சொல்லிக்கொண்டு கண்டபடி அடிப்பவர்கள் நிறைய. எதிராளி சேஃப்டி விளையாட்டில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்றால் மட்டும் கணக்கு மாறும். ஏனென்றால் அந்த 70% குறைந்துவிடும். இது எளிமையாக்கிய கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். தவறவிட்ட ஒவ்வொரு அடியும் மேஜையைத் திறந்து கொடுத்துவிடாது, போட்ட ஒவ்வொரு அடியும் நல்ல இடத்தில் நிறுத்திவிடாது. இருந்தாலும் 50% விதியைவிட இது எவ்வளவோ மேல்.

பதற்றம் இந்த இரண்டு எண்களையும் கெடுக்கிறது. 60% அடி 75% போலத் தெரிய ஆரம்பிக்கிறது. ஏன்? அடித்துவிட்டால் அந்த அவஸ்தை முடிந்துபோகும், விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி. சேஃப்டி போட்டால் அவஸ்தை நீளும். அடுத்த முறையும் இதே மாதிரி யோசித்து உட்கார்ந்திருக்க வேண்டும். மனசு சீக்கிரம் முடியும் வழியைத் தேடிவிட்டு, அதற்கு ஏற்ற எண்ணைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்' என்று கை துடிக்குமே, அதே சங்கதி. எல்லாருக்கும் எதிர்ப்பக்கம் சாயும் என்றும் இல்லை. சிலருக்குப் பதற்றம் வந்தால் நல்ல 85% அடியைக்கூட விட்டுவிட்டு சேஃப்டிக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். தன் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பயிற்சி ஆட்டங்களில் குறித்து வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அடிக்கும் முன் மனசுக்குள் ஒரு சதவீதம் சொல்லுங்கள், நோட்டில் எழுதுங்கள், ஒரு மாசம் கழித்து உண்மையில் எத்தனை விழுந்தது என்று கூட்டிப் பாருங்கள்.

சேஃப்டி விளையாட்டின் உச்சம் ஃபவுல் கணக்கு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அழகாக இருக்கும். ஒரு ஃபவுலுக்கு ஒரு புள்ளி குறையும். ஸ்கோர் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். தொடர்ந்து மூன்றாவது ஃபவுல் செய்தால் அந்த ஒரு புள்ளியோடு இன்னும் 15 போகும், 15 பந்துகளையும் அடுக்கி வைத்துவிட்டு நீங்களே முதலிலிருந்து உடைக்க வேண்டும். அந்த முதல் உடைப்பு யாருக்கும் பிடிக்காத வேலை. அதனால்தான் ஆட்டம் தொடங்கும்போது தேர்வு செய்யும் உரிமை கிடைத்தவர் பெரும்பாலும் 'நீயே உடை' என்று எதிராளியிடம் தள்ளிவிடுவார். நடுவில் ஒரு சரியான அடி அடித்துவிட்டால் ஃபவுல் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம்.

இப்போது வெள்ளைப் பந்து அடுக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எதை அடித்தாலும் எதிராளிக்கு மேஜை திறந்துவிடும். என்ன செய்வீர்கள்? வேண்டுமென்றே ஃபவுல் செய்யலாம். வெள்ளைப் பந்தை முனையால் லேசாகத் தொட்டு அங்கேயே விட்டுவிடுவது. செலவு ஒரு புள்ளி. தலைவலி இப்போது எதிராளிக்கு. அவரும் அதையே செய்கிறார். நீங்கள் இரண்டாவது ஃபவுல், அவரும் இரண்டாவது. இப்போது உங்கள் முறை. உங்களால் மூன்றாவது செய்ய முடியாது, 16 புள்ளி போய்விடும். அதாவது முதலில் தொடங்கியவர்தான் முதலில் சுவரில் முட்டுவார். எதிராளி ஏற்கெனவே ஒரு ஃபவுலில் இருந்தால் கதை தலைகீழ்: அவர் தனது இரண்டாவதைச் செய்வார், நீங்களும் உங்கள் இரண்டாவதைச் செய்வீர்கள், மாட்டிக்கொள்வது அவர். கணினி படித்தவர்களுக்கு நிம் விளையாட்டு ஞாபகம் வரும். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை முதல் நகர்த்தலுக்கு முன்பே எண்ணிவிட வேண்டும். தொடங்கிய பிறகு எண்ணிப் பிரயோஜனம் இல்லை. பதற்றத்தில் இருப்பவர் 'இப்போதைக்கு ஒரு புள்ளிதானே' என்று தொடங்கிவிடுவார்.

கடைசியாக அந்த நாற்காலி. 9 பால் ஆட்டத்தில் ஒரு ராக் சில நிமிஷத்தில் முடிந்துவிடும், மறுபடி உங்கள் முறை வந்துவிடும். ஸ்ட்ரெய்ட் பூலில் எதிராளி 70, 80 போட்டுக்கொண்டு போனால் நீங்கள் அரை மணி, முக்கால் மணி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கை குளிர்ந்துவிடும். மேஜையின் வேகம் மறந்துபோகும். எழுந்து வரும்போது மனசில் இருப்பது அவர் போட்ட 80. அதைத் துரத்த வேண்டும் என்று முதல் அடியிலேயே வெள்ளைப் பந்தை மேஜை முழுக்க ஓட விடுபவர்கள் மறுபடி போய் உட்காருவார்கள். அமைப்புக்குக் கொஞ்சம் குறைவுதான் என்றாலும், நகராமல் நிற்கும் ஒரு சின்ன அடியில் தொடங்குவது எனக்கு நியாயமாகப் படுகிறது. கை சூடேற இரண்டு மூன்று பந்துகள் வேண்டும். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே வேகம் என்று எதுவும் இல்லை. மஸ்கோனி படபடவென்று ஆடுவார். இர்விங் கிரேனுக்கு 'டீக்கன்' என்று பட்டப்பெயர், தேவாலயத்து ஊழியர் மாதிரி நிதானமாக, ஒவ்வொன்றையும் சரிபார்த்து ஆடுவார். முக்கியமான பந்து என்று வரும்போது தன் வேகத்தை மாற்றுபவருக்குத்தான் ஆபத்து. ஊறிய பழக்கத்தை அந்த நேரம் பார்த்துக் கைவிடுகிறார்.

நாற்காலியின் எல்லை எதுவரை போகும் என்பதற்கு 1966ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் இருக்கிறது. அந்த நிதானக்காரர் கிரேன் ஒரு பக்கம், ஜோ பால்சிஸ் இன்னொரு பக்கம். குடும்பத்துக்கு இறைச்சி வியாபாரம் என்பதால் பால்சிஸை 'மீட்மேன்' என்பார்கள். கிரேனுக்கு மேஜை கிடைத்தது. ஒரே முறையில் 150 பந்துகளையும் போட்டு ஆட்டத்தை முடித்துவிட்டார். குறைந்தது பத்து முறை அடுக்கி, குறைந்தது பத்து முறை பிரேக் பால் போட்டு, ஒன்றுகூடத் தவறவில்லை. பால்சிஸ் செய்வதற்கு எதுவும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1968இல் அதே பட்டத்தை ஜெயித்தார். 1974இல் இன்னொரு முறையும்.